கார்ட் பெட்டியின் வரைபடம்

பழைய குறுகிய பாதை ரயிலொன்றின் கடைசியில் ஓடிய, ரயில் காவலரான கார்ட் பயணிக்கும் பெட்டி, சரக்குப் பெட்டியின் கூரையில் துளை வெட்டிச் செய்யப்பட்டது என்று கண்டுபிடிக்க, பிரெஞ்சு பேசும் லாசால் பகுதியில் வசிக்கும் நிரஞ்சலாவுக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. அதை வைத்து வரைந்த தன் வரைபடத்தை நண்பன் அன்ரனிடம் மட்டுமே காட்டியிருந்தாள்.

மாதிரி ரயில் கண்காட்சியில் அவள் வரைந்தபடியே அந்தப் பெட்டியின் சிறு மாதிரி அச்சொட்டாக நின்றது. பக்கத்து அட்டையில், ‘ஆய்வும் வடிவமைப்பும்: அன்ரன்’ என்றிருந்தது.

“இது நான் கண்டுபிடிச்சதெல்லோ, அன்ரன்?”

“கோவிக்காதையும். நீர் கடதாசியிலை வைச்சிருந்தீர். செய்தது நான்தானே.”

கூரையில் ஏன் துளை என்று ஒரு பார்வையாளர் பிரெஞ்சில் கேட்டார். அன்ரன் தடுமாறி அவளைப் பார்த்தான். முழு ரயிலையும் கவனிக்கக் கார்ட் அதன் வழியே தலையை நீட்டுவார் என்று அவள்தான் விளக்கினாள். அதைக் கண்டுபிடித்தவளும் தானே என்றாள். அன்ரன் மறுக்கவில்லை, அட்டையை எடுக்கவுமில்லை.

மெட்ரோவில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.