ஜீப்பில் ஏறிய மருமகள்

மாமனார் பூராராம் ஜீப்பில் வந்து இறங்கியபோது சுக்னா வேதியியல் புத்தகத்தில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. மறுநாள் பன்னிரண்டாம் வகுப்பின் கடைசிப் பரீட்சை. அதை எழுதி முடித்தால் நர்சிங் படிக்கப் போகலாம். அந்த மேக்வால் சாதிக் குடியிருப்பில் பத்தாவதைத் தாண்டிய பெண்ணே அவள் ஒருத்திதான். விடுதியிலேயே கிடந்திருக்கலாம். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று அப்பா போன் போட்டதை நம்பி வந்தாள் பாருங்கள், அந்தப் புத்தியை எதால் அடிப்பது? அம்மா கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள்.

சுக்னாவின் கல்யாணம் விவரம் தெரியாத வயதிலேயே முடிந்துவிட்டது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். பூராராமின் மகள் கோம்தி இந்த வீட்டுக்கு, சுக்னாவின் அண்ணனுக்கு. சுக்னா அந்த வீட்டுக்கு, கோம்தியின் தம்பிக்கு. கோம்தி இங்கே வந்து கைக்குழந்தையும் ஆகிவிட்டது. இனி சுக்னா போக மறுத்தால் கோம்தியை அவள் அப்பா திருப்பிக் கூட்டிப் போய்விடுவார், குழந்தை மட்டும் இங்கே கிடக்கும். அதுதான் ஊர் நியாயம், நாசமாய்ப்போன நியாயம். தப்பி ஓடுவது சுக்னாவுக்குப் பெரிய காரியமில்லை. அண்ணி தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு ஓடத்தான் மனசு வரவில்லை.

மாப்பிள்ளை சூரத்தில் சாயப்பட்டறையில் இருந்தான், அண்ணன் கல்குவாரியில். மருமகளை முதலில் கொண்டுபோய்ச் சேர்ப்போம், மகன் அப்புறம் வரட்டும் என்று பூராராமும் அவர் தம்பியுமாக வந்திருந்தார்கள். வாசலில் அப்பா அவர்களுக்கு டீ கொடுத்து உபசரித்தார். பெண்ணைச் சிங்காரித்துக் கூட்டி வரச் சொல்லி கோம்தியை உள்ளே அனுப்பினார்கள்.

கோம்தி கதவைச் சாத்திவிட்டு, மணப்பெண்ணுக்கென்று வந்த சிவப்புத் துப்பட்டாவைப் பிரித்தாள். சுக்னா எழுந்து நின்றாள்.

"குடு அண்ணி, போய்த் தொலையுறேன். உன் பாப்பா அம்மா இல்லாம கிடக்க வேணாம்."

கோம்தி அதைத் தன் தலையில் போட்டு மார்பு வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டாள்.

"பைத்தியமா உனக்கு?"

"மருமக முகத்தை மாமனார் பாக்க மாட்டாரு, பேசவும் மாட்டாரு. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் முக்காட்டை யாரு தூக்கப் போறா? பாப்பாவைப் பாத்துக்க. பரீட்சையை எழுது."

"உங்கப்பா உன்னைக் கொன்னே போடுவாரு."

"எங்கப்பாதானடி" என்றாள் கோம்தி.

சுக்னா கம்புத்தட்டைப் போருக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தாள். அம்மா வழக்கப்படி மணப்பெண்ணைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பாதி அழுகையில் சட்டென்று நின்றுபோனாள். கோம்தி ஒரு சாண் குட்டை, கட்டிப்பிடித்தவளுக்கா தெரியாது? சுக்னாவுக்கு உயிரே போய்விட்டது. அம்மா மறுபடியும் குரலெடுத்து, முன்னைவிட ஓங்கி அழுதபடி தானே ஜீப் கதவை அடித்துச் சாத்தினாள்.

மறுநாள் அப்பா கண்ணில் படாமல் கிளம்பிப் போய்ப் பரீட்சை எழுதினாள். எழுதினாள் என்றுதான் சொல்ல வேண்டும். குழந்தை விடிய விடியப் பாலுக்குக் கத்தியிருந்தது, ஆட்டுப்பாலைப் புகட்டினால் துப்பியது. பேனா ஒரு பக்கம் ஓட, அண்ணியை அடித்திருப்பார்களோ என்று மனசு ஒரு பக்கம் ஓடியது. மணியடித்ததும் வெளியே வந்து, வாசலில் காத்திருந்த அம்மாவிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு பூராராமின் ஊருக்குப் பஸ் ஏறப் போனாள். அங்கே போனால் உன்னைப் பிடித்து வைத்துக்கொள்வார்களே என்று அம்மா அடித்துக்கொண்டாள். சுக்னாவுக்கும் அது தெரியாமலில்லை. குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தது, வேறு என்ன செய்வாள்?

பள்ளிச் சீருடையில், முக்காடு இல்லாமல் போய் அந்த வீட்டு முற்றத்தில் நின்றாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த பூராராம் மருமகளின் திறந்த முகத்தைக் கண்டதும் பதறிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தம்பி போய் வெளிக்கதவைத் தாழிட்டார். சுக்னா மாட்டிக்கொண்டாள்.

கோம்தி ஓடி வந்து குழந்தையைப் பறித்துக்கொண்டாள். பால் கட்டி அவள் ரவிக்கை நனைந்திருந்தது. அடிபட்ட மாதிரித் தெரியவில்லை.

தானாகவே வந்து விழுந்துவிட்டாள், இனி கோம்தியைக் கொண்டுபோய் விட்டுவிட்டால் கணக்குச் சரியாகிவிடும் என்று தம்பிக்காரர் சிரித்தார். நேற்று கோம்தியின் முக்காட்டைத் தூக்கிப் பார்த்ததிலிருந்தே பூராராம் யாரோடும் பேசவில்லையாம்.

கோம்தி குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே பேசினாள். குரல் உயரவில்லை.

"அப்பா, நேத்து வண்டியில பின்னாடி உக்காந்து எல்லாத்தையும் கேட்டேன். படிச்ச திமிரு இருக்கும், மொத நாளே காலை ஒடிச்சுப் போட்டாத்தான் அடங்கும்னு சித்தப்பா சொன்னாரு. நீங்க, காலு வேலைக்கு வேணும், சோத்தை நிறுத்தினாப் போதும்னீங்க."

"அது உன்னையாம்மா சொன்னோம்?" என்றார் சித்தப்பா.

"என்னைக் கூட்டிட்டுப் போன அன்னிக்கு என் மாமனாரும் வண்டியில இதையேதான் பேசிட்டு வந்தாரு. அன்னிக்கும் பின்னாடி நான்தான் உக்காந்திருந்தேன். உங்ககிட்ட சொன்னதில்லப்பா."

கோம்தியின் மாமனார் என்றால் சுக்னாவின் அப்பா.

பூராராம் சுவரைப் பார்த்தபடியே கதவைத் திறக்கச் சொன்னார். தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"திறடா. ரெண்டு பேரும் போகட்டும். பஸ்ஸு போயிரும்."

ரோட்டுக்கு வந்ததும் கோம்தி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். அவள் முகத்தைப் பார்க்க சுக்னாவுக்குத் தைரியம் இல்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"எங்கப்பா உனக்குச் சோத்தை நிறுத்தினாரா அண்ணி?"

"நீ அப்ப ஆஸ்டல்ல இருந்த. பரீட்சை எப்படி எழுதின, அதைச் சொல்லு மொதல்ல."