கொஞ்சம் முடியலை

மாமனாரின் உதட்டை அவள் ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தபோது கணவன் தன் செல்போனை அவள் பக்கம் நீட்டினான்.

"நீயே சொல்லிடு. எனக்குச் சொல்ல வராது. பக்குவமா சொல்றதுக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?"

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. அவனுக்கு இருப்பது ஒரே தங்கை. அப்பாவின் செல்லம். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய், தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளைகள் இருந்தும் இந்த வீட்டில் இன்னும் குட்டி என்றுதான் பெயர்.

டாக்டர் அப்போதுதான் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆஸ்பத்திரிக்கெல்லாம் தூக்கிட்டு அலைய வேண்டாம். இன்னிக்குப் பொழுதைத் தாண்டறது கஷ்டம். பாக்க வேண்டியவங்க வந்து பாத்துக்கட்டும்" என்று அவளிடம்தான் சொன்னார். அவருக்கும் அவளுக்கும் ஒரே மருத்துவமனையில்தான் வேலை.

அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவளுடைய மேசை. டாக்டர்கள் உள்ளிருந்து வந்து சொல்வதை வீட்டாருக்குப் போனில் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை பிசகினால் என்ன ஆகும் என்று பல வருஷமாகப் பார்த்திருக்கிறாள். 'ஆபத்து' என்றால் பதறிப்போய் வண்டியை எங்காவது மோதிவிடுவார்கள். 'சுமாரா இருக்கார்' என்றால் குளித்து, சாப்பிட்டு, வழியில் பழம் வாங்கிக்கொண்டு வருவார்கள். 'வந்து பாத்துட்டுப் போங்க' என்றால் நேரம் இருக்கிறது. 'வந்துடுங்க' என்றால் இல்லை. புதிதாகச் சேரும் பெண்களிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று சொல்வாள். "'முடியலை'ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. தலைவலிக்கும் அதான், சாவுக்கும் அதான்."

போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நாத்தனார் உடனே எடுத்துவிட்டாள். பின்னால் ஹேர் டிரையர் இரைந்தது. அவள் சொந்தமாக அழகு நிலையம் வைத்திருக்கிறாள்.

"என்ன அண்ணி, அண்ணன் போன்ல நீங்க?"

"மாமாவுக்குக் கொஞ்சம் முடியலை."

அந்த வார்த்தையை அவள் தேடவே இல்லை. எத்தனையோ காலமாக நாக்குக்கு அடியிலேயே கிடந்தது.

"முடியலைன்னா? மறுபடியும் சளியா?"

"சளிதான். மூச்சு கொஞ்சம் இழுக்குது. டாக்டர் வந்து பாத்துட்டுப் போனார்."

இதில் ஒன்றுகூடப் பொய்யில்லை.

"நான் வரணுமா அண்ணி? இங்க ஒரு கல்யாணப் பொண்ணை உக்கார வச்சிருக்கேன். பாதித் தலை ஆச்சு. உடனே கிளம்பணுமா, இல்ல முடிச்சுக் குடுத்துட்டு வரலாமா?"

இதைவிடத் தெளிவாக ஒருவர் கேட்க முடியாது. அடுப்பு மேடையில் சிந்திக் கிடந்த தண்ணீரை அவள் விரலால் ஒரு கோடாக இழுத்தாள்.

"உங்க சௌகரியம். நேரம் கிடைக்கும்போது வந்து பாத்துட்டுப் போங்க."

"அப்ப சரி. உங்களுக்குத் தெரியாததா?"

திரும்பி வந்தபோது கணவன் நிமிர்ந்து பார்த்தான். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"எப்ப வரா?"

"வரேன்னாங்க."

அவன் தலையாட்டிவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் துருவிக் கேட்கிற ஆள் இல்லை. அன்றும் கேட்கவில்லை.

அன்று என்பது அவள் இந்த வீட்டுக்கு வாழவந்த புதிது. நாத்தனாரைப் பெண் பார்க்க மறுநாள் ஆட்கள் வருவதாக இருந்தது. அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஹாலில் போன் அடித்தது, நாத்தனார் எடுத்தாள். அந்தப் பக்கம் பேசியது அவளுடைய பிறந்த வீட்டிலிருந்து தம்பி. "அம்மா ரொம்ப மோசமா இருக்காங்க, அக்கா பேரைத்தான் சொல்லிட்டிருக்காங்க, உடனே அனுப்பி வைங்க" என்று அழுதானாம்; அது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. நாத்தனார் சமையலறை நிலையில் சாய்ந்து நின்றபடி சொன்னது வேறு. "உங்கம்மாவுக்குக் கொஞ்சம் முடியலையாம் அண்ணி. நேரம் கிடைக்கும்போது வந்து பாத்துட்டுப் போகச் சொன்னாங்க."

மறுநாள் அவள் பலகாரம் செய்தாள். நாத்தனாருக்குத் தலை பின்னிவிட்டாள். வந்தவர்கள் எழுந்து போன பிறகுதான் தம்பியின் அடுத்த போன் வந்தது.

மாமனார் அப்போது டிரைவிங் ஸ்கூல் நடத்திக்கொண்டிருந்தார். இரண்டு பிரேக் வைத்த பயிற்சிக் காரில் அவரே அவளை ஏற்றிக்கொண்டு போனார். ஊர் கிட்டத்தில் வந்ததும், "நேத்தே சொல்லியிருந்தா நேத்தே கூட்டிட்டு வந்திருப்பேனேம்மா" என்றார். இருட்டுவதற்குள் எடுத்தாக வேண்டும் என்று, போய்ச் சேர்ந்தபோது ஊரார் எல்லாவற்றையும் முடித்துவிட்டிருந்தார்கள். தம்பி வாடகை நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

பிறகு ஒருநாள் கேட்டாள். நாத்தனார் கண்ணை அகல விரித்தாள். "நான்தான் சொன்னேனே அண்ணி, முடியலைன்னு."

சொன்னாள்தான். அதற்கு மேல் யாரிடம் போய் என்னவென்று முறையிடுவது?

உச்சி வெயிலில் மாமனார் கண் விழித்தார். வலது கால் கட்டிலின் விளிம்பை ஒருமுறை அழுத்திப் பார்த்தது. மகன் கார் ஓட்டினால் பக்கத்து சீட்டில் இருந்துகொண்டு இல்லாத பிரேக்கை மிதிக்கிற மனுஷன்; அதற்காக வீடே அவரைக் கேலி செய்யும்.

"குட்டி?"

"வந்துக்கிட்டே இருக்காப்பா" என்றான் மகன்.

அவர் பார்வை அவனைத் தாண்டி அவளிடம் வந்தது. மகன் சொல்கிற எதையும் அவளிடம் ஒருமுறை கேட்டுச் சரிபார்ப்பது அவர் வழக்கம்.

"வராளா?"

"வருவாங்க மாமா."

'வராங்க' என்றால் அது பொய். 'வருவாங்க' என்பதில் பொய் எங்கே இருக்கிறது? அவர் அதை வாங்கிக்கொண்டு கண்ணை மூடினார். மூச்சு ஒருமுறை நின்று, நினைத்துக்கொண்டதுபோல் மறுபடி கிளம்பியது.

அவள் சமையலறைக்குப் போய் நாத்தனாரின் எண்ணை எடுத்தாள். ஒரே வார்த்தை. 'வந்துடுங்க.' இப்போது கிளம்பினால்கூட ஒருவேளை முகத்தைப் பார்த்துவிடலாம். திரையில் நாத்தனார் கழுத்தைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷன் என்ன பாவம் பண்ணினார் என்று நினைத்தாள். எங்கம்மா மட்டும் என்ன பாவம் பண்ணினாள் என்றும் நினைத்தாள். போனை அரிசி டப்பாவின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் கஞ்சிக்குத் தண்ணீர் வைத்தாள். குடிக்க யாரும் இல்லை என்று தெரிந்தேதான் வைத்தாள்.

தண்ணீர் கொதித்து வற்றுவதற்குள் கணவன் கூப்பிட்டான். அவன் குரலைக் கேட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாமனாரின் முகம் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. அவர் கண்களை அவள் மூடிவிட்டாள்; தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை தங்கைக்குக் கணவனே போன் செய்தான். போனிலிருந்து வந்த அலறல் அறையின் மறுகோடி வரைக்கும் கேட்டது.

நாத்தனார் வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அப்பாவை ஹாலுக்குக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். மார்பில் விழுந்து அழுதாள். "எழுந்திருப்பா, உன் குட்டி வந்திருக்கேன்" என்றாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் பிடித்து இழுத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். நாத்தனாரின் இந்தக் கண்ணீருக்காகத்தான் அவள் காத்திருந்தாள். வந்தது. பார்த்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அப்புறம் மாமனாரின் அறைக்குப் போய்க் கட்டிலை ஒழிக்க ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரத்தில் நாத்தனார் உள்ளே வந்து கதவில் சாய்ந்தாள். முகம் வீங்கியிருந்தது. கல்யாணப் பெண்ணுக்குப் போட்ட ஜிகினாத் தூள் அவள் மணிக்கட்டில் இன்னும் மின்னியது.

"காலைல நீங்க பேசினப்போ இப்படி ஆகும்னு தோணவே இல்லையே அண்ணி."

"நான்தான் சொன்னேனே, முடியலைன்னு."

சொல்லிவிட்டு அந்த முகத்தையே பார்த்தாள். இதற்காகத்தான் இத்தனை நாளும். அந்த முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"சொன்னீங்கதான்" என்றாள் நாத்தனார். "என் புத்திக்குத்தான் எட்டலை. உங்க மேல என்ன தப்பு, பாவம்." இரண்டடி எடுத்து வைத்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அன்று தான் சொன்னதை நாத்தனார் மறந்தே போயிருக்கிறாள். குத்துவதற்கு எடுத்த கத்தியை எதிரில் இருப்பவள் வாங்கிக் காய் நறுக்கப் போனதுபோல் இருந்தது. தோள் நனைந்தது. முடிக்கு அடிக்கிற ஸ்பிரே வாடை மூக்கில் ஏறியது.

"டாக்டர் காலைலயே சொல்லிட்டார்" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "இன்னிக்குத் தாண்டாதுன்னு."

"காலைலயேவா?"

"அதுக்கு அப்புறம்தான் உனக்குப் போன் பண்ணேன்."

அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக 'நீ' வந்திருந்தது. தோளில் இருந்த கனம் அப்படியே நின்றது.

"மதியம் வரைக்கும் மாமா நினைவோடதான் இருந்தார். குட்டி வராளான்னு கேட்டார். எங்கம்மாவும் என்னைத்தான் கேட்டாங்களாம். நேரம் கிடைக்கும்போது வந்து பாத்துட்டுப் போகச் சொன்னாங்கன்னு அன்னிக்கு நீ வந்து சொன்னே. நான் வெங்காயம் நறுக்கிட்டிருந்தேன்."

கனம் மெல்ல எடுபட்டது. நாத்தனார் பின்னால் நகர்ந்து அவளைப் பார்த்தாள். வாய் ஏதோ சொல்லத் திறந்தது. கேட்டால் பதில் சொல்லத் தயாராகத்தான் அவள் நின்றாள். நாத்தனார் கேட்கவில்லை. கதவைத் தாண்டி ஹாலைப் பார்த்தாள். அண்ணன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

அவள் மெத்தைமேல் இருந்த பெரிய வெள்ளை விரிப்பை உருவினாள்.

"அந்தப் பக்கம் பிடி. மடிக்கணும்."

நாத்தனார் பிடித்தாள். எதிரும் புதிருமாக நின்று நீளவாக்கில் ஒருமுறை மடித்தார்கள். இழுத்துச் சுருக்கம் எடுத்தார்கள். பிறகு அவள் தன் முனைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்து நாத்தனாரின் எதிரே போய் நின்று நீட்டினாள்.

நாத்தனார் வாங்கவில்லை. தன் முனைகளை விடவும் இல்லை. விரிப்பு இருவருக்கும் நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது. ஹாலில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் நீட்டிய கையோடு நின்றுகொண்டிருந்தாள்.