இரண்டரை நொடி

1

இது என் சொந்தக் கற்பனை அல்ல, அக்காவிடம் சுட்டது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவளுக்கு என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "நாள் முழுக்க வீடியோ பாக்குறா" என்று நானே கிண்டலடித்திருக்கிறேன். அந்தப் பாவத்துக்குத்தான் இதை எழுதுகிறேன்.

தொடக்கம்: மழை கொட்டிய ஒரு காலையில், பொங்கிவந்த அழுகையை அடக்கிக்கொண்டு அவள்...

(தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள் அக்கா. "டேய், நான் எங்கடா அழுதேன்? அன்னிக்கு மழையும் இல்ல." அந்த வரியை அடித்துவிட்டேன்.)

2

நடந்ததைச் சொல்கிறேன். விளம்பரத்துக்காக எடுக்கும் குட்டி வீடியோக்களில் ஒரு கம்பெனியின் சின்னம் எத்தனை நொடி கண்ணில் படுகிறது என்று அளந்து சொல்வதுதான் அவள் வேலை. ஒரு ஷூ கம்பெனிக்காக ஒரு பெண் ஆடிய வீடியோவை நாற்பது லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். சின்னம் பதினொரு நொடி தெரிந்ததாக மென்பொருள் சொன்னது. மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

அவளுக்கு மட்டும் உறுத்தியது. வீடியோவைத் துளித்துளியாக நகர்த்திப் பார்த்தாள். பின்னால் இருந்த சுவரில் ஒரு விரிசல், அச்சு அசல் அந்தச் சின்னம் போலவே வளைந்திருந்தது. மென்பொருள் எட்டரை நொடி விரிசலை எண்ணியிருக்கிறது!

"ரெண்டரை நொடிதான் சார்."

"ஷூ கம்பெனிக்காரங்க சந்தோஷமா இருக்காங்கம்மா. மிஷின் சொன்னதையே அனுப்பிடேன். யாரு வந்து எண்ணப்போறா?"

"நான் எண்ணிட்டேனே சார்."

(இங்கே அவளுக்கு ஒரு முழுப் பக்க வசனம் வைத்திருந்தேன். நேர்மை, மனசாட்சி, தொழில் என்று... வேண்டாம். அவள் சொன்னது அவ்வளவுதான்.)

3

"அப்ப நீயே போய்ச் சொல்லிக்கோ" என்று மேனேஜர் கையை விரித்துவிட்டார். போனாள். ஷூ கம்பெனியில் விளம்பரத்தைக் கவனிக்கும் அம்மாளிடம் அந்தச் சுவரைக் காட்டினாள்.

"இவ்வளவு நாளா செவுத்துக்கா விளம்பரம் பண்ணிட்டிருந்தோம்?"

"எட்டரை நொடி செவுருதான் மேடம். ஆனா மீதி உங்களோடது, அது நிஜம்." அந்த இரண்டரை நொடியை ஓட்டினாள். ஆடுகிற பெண் எம்பிக் குதிக்க, அந்தரத்தில் நின்ற காலில் சின்னம் பளிச்சென்றது. "ஜனங்க திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்தது இந்த இடத்தைத்தான்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று அந்த அம்மாள் எழுந்துகொண்டார்.

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில், "இனிமே அந்தப் பொண்ணே அளக்கட்டும்" என்கிறார் அம்மாள். இன்னொன்றில், ஷூ கம்பெனி அளப்பதற்கு வேறு ஆளைத் தேடிப் போய்விடுகிறது. மேனேஜர் அக்காவின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை.

இரண்டையும் படித்துவிட்டு அக்கா கேட்டாள்: "எதுலயாவது அந்த ரெண்டரை மாறுதாடா?"

"இல்லக்கா."

"அப்ப எதை வேணா போட்டுக்கோ."

ஆகவே, நீங்களே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாளிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. அக்கா அடுத்த வீடியோவை எண்ண உட்கார்ந்துவிட்டாள்.