வலது விலா

பாஸிலியா எல் ஆல்டோ நகரச் சந்தையில் உருளைக்கிழங்கு விற்பவள். அவளுடைய நான்கு வயது மகள் யோசலினுக்குக் குடல் முறுக்கி அழுகிப்போனதால் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு சாப்பாடெல்லாம் ரத்தக்குழாய் வழியாகத்தான். கழுத்திலும் தொடையிலும் மாற்றி மாற்றிக் குழாய் போட்டதில் ரத்த நரம்பெல்லாம் அடைத்துக்கொண்டன.

"வலது விலாவுல ஊசி விட்டு, ஈரல் வழியா நெஞ்சுக்குள்ள இருக்கிற பெரிய நரம்புக்குக் குழாயைக் கொண்டுபோகணும். வேற வழி இல்லம்மா" என்றார் டாக்டர் ஆன்டெசானா.

வலது விலா என்றதும் பாஸிலியா எழுந்து வெளியே வந்துவிட்டாள். கரிசிரி என்கிற கொழுப்புத் திருடன் குத்துகிற இடமாயிற்றே அது! பஸ்ஸில் தூங்குகிறவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, விலாவில் ஊசி ஏற்றிக் கொழுப்பை உறிஞ்சிக்கொண்டு போய்விடுவான். பறிகொடுத்தவர் நாளுக்கு நாள் வாடிச் சாவார். அவளுடைய மாமனார் அப்படித்தான் போனார். அந்தக் கொழுப்பை வைத்து மருந்து செய்கிறார்கள் என்றும் சொல்வார்கள்.

"கையெழுத்துப் போட்டுடாத அண்ணி!" என்று போனில் அலறினாள் நாத்தனார் சத்துர்னினா. "கோட்டு போட்டிருந்தா கரிசிரி இல்லேன்னு ஆயிடுமா?"

ஆனால் குழந்தை கண் திறக்கவே சிரமப்பட்டாள். பாஸிலியா டாக்டரிடம் திரும்பிப் போனாள்.

"நானும் உள்ள வருவேன். உங்க கையைப் பார்த்துக்கிட்டே இருப்பேன்."

டாக்டர் யோசித்தார். "சரி. ஆனா எதையும் தொடக்கூடாது."

எக்ஸ்ரே படாமலிருக்கக் கனத்த ஈய அங்கியை மாட்டிவிட்டு அவளைச் சுவரோரம் நிறுத்தினார்கள். மயக்கத்தில் கிடந்த குழந்தையின் விலாவுக்குள் ஊசி இறங்கியது. திரையில் கருப்புக் கோடு ஒன்று நெளிந்து நெளிந்து நெஞ்சை எட்டியது. அவள் திரையைப் பார்க்கவில்லை. டாக்டரின் விரல்களையே பார்த்தாள். குழாயில் சிரிஞ்சைப் பொருத்தி அவர் பின்னால் இழுத்ததும் சிவப்பாக ஏதோ ஏறியது.

"என்ன எடுக்கறீங்க?"

"ரத்தம். குழாய் சரியான இடத்துல இருக்கான்னு பார்க்கத்தான்."

"திரும்ப உள்ள விடுங்க."

நர்ஸ் முகத்தைச் சுளித்தாள். டாக்டர் மறுபேச்சில்லாமல் அதைத் திரும்பச் செலுத்தினார்.

மாலையில் அந்தக் குழாயில் பால்போல வெள்ளைத் திரவம் நிறைந்த ஒரு புட்டியை மாட்டினார்கள்.

"இது என்ன?"

"கொழுப்பும்மா" என்றாள் நர்ஸ்.

பாஸிலியா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "யாரோடது?"

நர்ஸ் சிரித்துவிட்டாள். சத்தம் கேட்டு வந்த டாக்டர் சிரிக்கவில்லை. "சோயா எண்ணெய். சாந்தா குரூஸ் பக்கம் வயல் வயலா விளையுதே, அதே சோயா. கொஞ்சம் முட்டையும் சேர்த்திருக்கு. நாங்க எதையும் எடுக்கலம்மா, கொடுக்கறோம்."

பாஸிலியா நர்ஸின் கையை விட்டாள். வெள்ளைத் துளிகள் இறங்கத் தொடங்கின.

வாரம் திரும்புவதற்குள் யோசலினின் கன்னத்தில் நிறம் வந்தது. அம்மாவின் ஜடையைப் பிடித்து இழுத்து விளையாடினாள்.

"சோயான்னா சொன்னாங்க? நம்பிட்டியா?" என்று கேட்டாள் சத்துர்னினா.

"பாதி நம்பறேன்" என்றாள் பாஸிலியா. போனை வைத்துவிட்டு, நாற்காலியை மகளின் வலப்பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.