மாப்பிள்ளையின் அம்மா எல்லை தாண்டிய கதை

எல்லையில் தரகர்களிடம் சிக்காமல் தப்புவது எப்படி என்று தெல்ஃபின் மூன்று வாரம் இணையத்தில் படித்துப் பன்னிரண்டு விதிகளை எழுதி வைத்திருந்தான். கண்ணைப் பார்க்காதே. பதில் சொல்லாதே. சிரிக்காதே. பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதே. இப்படிப் போகும். பாங்காக்கிலிருந்து வரும் மூன்றாம் வகுப்பு ரயிலில் அத்தனையையும் தன் அக்கா நெனீத்தாவை ஒப்பிக்க வைத்தான். அவளும் ஜன்னல் புழுதியைத் துடைத்துக்கொண்டே ஒப்பித்தாள். கம்போடியா எல்லையை ஒட்டிய தாய்லாந்து ஊரான அரண்யபிரதேத்தில் இறங்கி இருபது நிமிடத்துக்குள் பன்னிரண்டையும் மீறினாள். வரிசை தப்பாமல் மீறினாள் என்பதுதான் அவனுக்கு ஆச்சரியம்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பிலிப்பைன்ஸில் இலோயிலோ பக்கத்துக்காரர்களுக்குக் கோபம் வந்தாலும் குரல் தாலாட்டு மாதிரிதான் வரும். 'வேண்டாம், வழியை விடு' என்று நெனீத்தா சொன்னதை டுக்டுக் ஓட்டுநர் 'சரிங்க, உங்க இஷ்டம்' என்று எடுத்துக்கொண்டார். எல்லைக்குப் போகணும் என்று தெல்ஃபின் மூன்று முறை சொன்னான். ஓட்டுநர் மூன்று முறை தலையாட்டினார். பிறகு எல்லைக்குக் கொஞ்சம் முன்னால், கொடி பறக்கிற ஒரு கட்டிடத்தின் வாசலில் இறக்கிவிட்டுப் பறந்துவிட்டார்.

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, சுவரில் கோயில் படம். நீலச் சட்டை போட்ட ஒருவன் அதிகாரி மாதிரி உட்கார்ந்திருந்தான். படிவக் கட்டோடு இன்னொருவன் நின்றான். மூன்றாமவன் முன்னால் வந்து கைகூப்பினான். அவன் பெயர் சாரெத். எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரன், தினமும் இந்தப் பக்கம் வந்து பிழைப்பவன். அவன் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது.

அந்த அட்டையில்தான் நெனீத்தா விழுந்தாள். அவர்கள் ஊரில் ஒருவன் கழுத்தில் அட்டை தொங்கினால் அவன் அரசாங்கம், இல்லையென்றால் வங்கி, அதுவும் இல்லையென்றால் மாதச் சம்பளம் வாங்குகிறவன் என்றாவது அர்த்தம். "பாஸ்போர்ட் மேடம்" என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அது மேசை இழுப்பறைக்குள் போயிற்று. தெல்ஃபினின் பாஸ்போர்ட் மட்டும், பத்தாவது விதிப்படி, உள்ளாடைக்குள் தைத்த பையில் பத்திரமாக இருந்தது. அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

பிலிப்பைன்ஸ்காரர்களுக்குக் கம்போடியாவில் விசாவே தேவையில்லை என்று தெல்ஃபின் சொன்னான். அது விமானத்தில் வருகிறவர்களுக்கு என்றான் சாரெத். தரை வழி என்றால் விசா, சுகாதாரச் சீட்டு, அப்புறம் மேலதிகாரி கையெழுத்து. மேலதிகாரி சாப்பிடப் போயிருக்கிறார், வர மூன்று மணி நேரமாகும். அவசரம் என்றால் அவசரக் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணத்தைக் கேட்டதும் தெல்ஃபின் கையிலிருந்த காசைக் கணக்குப் போட்டுப் பார்த்தான். அதைக் கட்டினால் அந்தப் பக்கத்திலிருந்து சியெம் ரீப்புக்கு நடந்துதான் போகவேண்டும். கட்டாமல் காத்திருந்தால் கடைசி வேன் போய்விடும்.

வேன் போனால் கல்யாணம் போச்சு. அண்ணன் ரூயெல் சியெம் ரீப்பில் ஆங்கில வாத்தியார். மறுநாள் காலை ஆறு மணிக்கு மாப்பிள்ளை வீட்டு ஊர்வலம், பழத்தட்டுகளோடு இரண்டிரண்டு பேராகப் பெண் வீட்டுக்கு. மாப்பிள்ளை வீடு என்றால் அவனோடு வேலை பார்க்கும் எட்டு வாத்தியார்கள்தான். அவர்களின் அம்மா அப்பா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. பெண்ணின் அப்பா அம்மாவுக்கு எதிரே பாயில், மாப்பிள்ளையின் அம்மா இடத்தில் யாராவது உட்கார வேண்டும். தம்பிகள் இருவரையும் வளர்த்து ஆளாக்கிய நெனீத்தாதான் உட்கார வேண்டும் என்று ரூயெல் ஒற்றைக்காலில் நின்றான். அவள் வராவிட்டால் பள்ளிக்கூடக் காவலாளியின் மனைவியை உட்கார வைப்பது என்று சடங்கு நடத்தும் பெரியவர் ஏற்கெனவே ஏற்பாடு செய்துவிட்டார்.

மணி இரண்டைத் தாண்டியது. நெனீத்தா பையைத் திறந்து பாங்காக் ரயிலடியில் வாங்கிய சுட்ட பன்றிக்கறிக் குச்சிகள், ஒட்டுச்சோறு, அவித்த முட்டை நான்கு என்று மடியில் பரப்பினாள். பிறகு தெல்ஃபின் வாயைப் பொத்துவதற்குள், அறையைப் பொதுவாகப் பார்த்துச் சொன்னாள்: "வாங்க, சாப்பிடலாம்."

இலோயிலோவில் சோற்றுப்பொட்டலம் பிரிக்கிறவர் பக்கத்தில் யார் இருந்தாலும் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். திருடன் இருந்தாலும் சொல்லவேண்டும். கேட்டவர் 'இப்பத்தான் ஆச்சு, நீங்க சாப்பிடுங்க' என்று சொல்லித்தான் ஆகவேண்டும். முதல் அழைப்புக்கே கை நீட்டியவனை நெனீத்தா தன் முப்பத்தாறு வயதில் பார்த்ததில்லை.

சாரெத் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். படிவக்காரன் கை கழுவப் போனான். அதிகாரி நீலச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு பனியனோடு வந்தான்.

நெனீத்தாவின் முகம் ஒரு கணம் ஊர் கணக்கில் தவித்தது. இரண்டு பேர் சோறு, ஐந்து பேர். ஆனால் அழைத்தாயிற்று. முட்டைகளை நூலால் பாதி பாதியாக அறுத்தாள். கறியைக் குச்சியிலிருந்து உருவிப் பங்கு போட்டாள். போதாது என்று தெரிந்ததும் பெண் வீட்டுக்கென்று கடல் தாண்டிக் கொண்டுவந்த பட்டர்ஸ்காட்ச் டப்பாவையும் உடைத்தாள். "எல்லாரும் நல்லா சாப்பிடணும்" என்றாள். தெல்ஃபின் காதில் அது தாலாட்டாகவே கேட்டது, உள்ளே அவள் அழுதுகொண்டிருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தாலும்.

டப்பா உடைந்ததைப் பார்த்ததும் சாரெத் எழுந்து வெளியே போனான். திரும்பி வரும்போது ஒரு தூக்குச் சட்டி சோறும் புளிக்குழம்பு மீனும் கையில் இருந்தன. தன் வீட்டுச் சோறு என்றான், பக்கத்துக் கடையில் வைத்திருந்தானாம். அதற்குப் பிறகுதான் அவன் அவளைச் சரியாகப் பார்த்தான்.

"கோயில் பாக்கப் போறீங்களா மேடம்?"

"கல்யாணத்துக்கு, தோதோ." அவள் ஊரில் இளைய ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் அதுதான் பெயர். அவளை 'மானாங்', அதாவது அக்கா, என்று கூப்பிடும் தனக்கு மட்டுமே அது உரியது என்று தெல்ஃபின் இதுவரை நினைத்திருந்தான். "என் தம்பிக்கு நாளைக்குக் காலைல. நான்தான் மாப்பிள்ளைக்கு அம்மா."

சாரெத் மெல்வதை நிறுத்தினான். "பாய்ல உக்காரப் போறது நீங்களா? நீங்க போகலன்னா?"

"காவலாளி வீட்டம்மா உக்காருவாங்களாம். நல்லவங்கதானாம்." ஒரு குறையும் இல்லாத குரலில் சொல்லிவிட்டு அவன் தட்டில் இன்னொரு பாதி முட்டையை வைத்தாள்.

சாரெத் மற்ற இரண்டு பேரிடமும் தன் மொழியில் ஏதோ சொன்னான். படிவக்காரன் மறுத்தான். பனியன்காரன் மேசையைக் காட்டி நீளமாகப் பேசினான். சாரெத் பதிலுக்கு அந்தக் காலி டப்பாவைத் தூக்கிக் காட்டினான். பனியன்காரனின் கன்னத்தில் அப்போது ஒரு பட்டர்ஸ்காட்ச் புடைத்திருந்தது. அவனால் மேற்கொண்டு வாதம் செய்ய முடியவில்லை.

இழுப்பறை திறந்தது. சாரெத் பாஸ்போர்ட்டைப் புரட்டி, முதல்முறை பார்ப்பவன் போல முகம் சுளித்தான்.

"பிலிப்பைன்ஸா? உங்களுக்கு விசாவே வேணாமே. வேணும்னு யாரு சொன்னா?"

தெல்ஃபின் வாயைத் திறந்தான். நெனீத்தா அவன் தொடையைக் கிள்ளினாள்.

"தெரியாம வந்துட்டோம் தோதோ. உங்களுக்குத்தான் வீண் சிரமம்."

"பரவால்ல. அடுத்த தடவ விசாரிச்சுட்டு வாங்க."

வெளியே வந்தபோது மலையளவு மூட்டை சுமந்த ஒரு வெள்ளைக்காரப் பையனும் பெண்ணும் படியேறிக்கொண்டிருந்தார்கள். தெல்ஃபினுக்கு மூன்று வாரப் படிப்பும் ஒரேயடியாகப் பொங்கியது. ஓடிப்போய், இது நிஜ அலுவலகம் இல்லை, நேராக எல்லைக்குப் போங்கள் என்று கிசுகிசுத்தான். அவர்கள் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. பதில் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. அந்தப் பெண் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவனைச் சுற்றிக்கொண்டு போனாள். அவர்களும் அதே இணையதளத்தைத்தான் படித்திருக்க வேண்டும்.

சாரெத் அவன் தோளில் தட்டினான். "மொத நாள் அப்படித்தான் இருக்கும். பழகிடும்."

நெனீத்தா திரும்பி நடந்தாள். "பிள்ளைங்களா, அவன் என் தம்பி. பொய் சொல்ல வராது. அந்தத் தெரு வழியா நேரா போங்க" என்றாள். அவர்கள் நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நன்றி சொல்லிவிட்டு அவள் காட்டிய பக்கம் நடந்தார்கள். சாரெத் வானத்தைப் பார்த்தான்.

"மேடம், நான் உங்க சோத்தத் தின்னது தப்பாப் போச்சு."

"கோவிச்சுக்காத தோதோ."

"கோவம் இல்ல. வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன். இல்லன்னா நீங்க எல்லாருக்கும் சோறு போட்டுட்டே போவீங்க."

அதன் பிறகு தெல்ஃபின் தன் வாழ்க்கையில் படித்திராத ஒன்றைக் கண்டான். தெருவின் இரண்டு பக்கமும் தரகர்கள் எழுந்தார்கள், சாரெத்தைப் பார்த்தார்கள், உட்கார்ந்தார்கள். ஒருவன் கூட்டி வந்த ஆளை இன்னொருவன் தொடுவதில்லை என்பது அந்தத் தெருவின் சட்டம். தரகர்களிடமிருந்து தப்பிக்கச் சுலபமான வழி கூடவே ஒரு தரகரோடு போவதுதான். இதை எந்தத் தளத்திலும் யாரும் எழுதியிருக்கவில்லை.

எல்லையின் இரண்டு பக்கமும் முத்திரைகள் விழுந்தன. தெல்ஃபின் மட்டும் கொஞ்சம் ஒதுங்கி, சுவரைப் பார்த்து நின்று தன் பாஸ்போர்ட்டை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. நெனீத்தாவிடம் வந்த காரணம் கேட்கப்பட்டது. சுற்றுலா என்று சொல்லப் பழக்கியிருந்தான். அவள் நிமிர்ந்து, "மாப்பிள்ளைக்கு அம்மா" என்றாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் அவள் பிறந்த வருடத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரிக்காமல் முத்திரையைக் குத்தினார்.

வேன் நிரம்பி உறுமிக்கொண்டிருந்தது. சாரெத் ஓட்டுநரிடம் உள்ளூர் வாடகை பேசினான். கடைசி வரிசையில் காய்கறி மூட்டைகளோடு இருந்த நான்கு பெண்களிடம் ஜன்னல் வழியாக எதையோ நீளமாகச் சொன்னான். பிறகு நெனீத்தாவிடம் குனிந்தான்.

"பாங்." அக்கா என்று அர்த்தம். மேடம் எங்கேயோ போய்விட்டது. "பாய்ல எப்படி உக்காரணும்னு தெரியுமா?"

அவள் தெரியாது என்று தலையாட்டினாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவளுக்கு எப்போதும் வெட்கம் கிடையாது.

"இவங்க சொல்லித் தருவாங்க. மூணு மணி நேரம் இருக்கு."

வேன் கிளம்பியதும் பெண்கள் மூட்டைகளை நகர்த்தி, நடுவில் சாக்கை விரித்து அவளை இறக்கினார்கள். கால்கள் இரண்டையும் ஒரே பக்கம் மடக்கு. பாதம் யாரையும் பார்க்கக்கூடாது. ஒருத்தி அவள் முட்டியைத் தட்டி உள்ளே தள்ளினாள். இன்னொருத்தி தோளைப் பின்னால் இழுத்தாள். மூன்றாமவள் பெண் வீட்டு அம்மாவாக எதிரே உட்கார்ந்து அலட்சியமாக முறைத்தாள், அது பயிற்சிக்கு வேண்டுமாம். வேன் பள்ளத்தில் விழும்போதெல்லாம் நெனீத்தா முட்டைக்கோஸ் மேல் சாய்ந்தாள். சாயும்போதெல்லாம் அவர்கள் சிரித்து நிமிர்த்தி வைத்தார்கள்.

வழியில் சிசொபொன் ஊரைத் தாண்டியதும் தெல்ஃபினின் போனில் ரூயெல் வந்தான். பெரியவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், காவலாளி வீட்டம்மாவுக்குப் பட்டுத்துணி கொடுக்கட்டுமா வேண்டாமா, எங்கே இருக்கிறீர்கள் என்று பதறினான்.

தெல்ஃபின் திரும்பிப் பார்த்தான். அக்கா கைகூப்பி, முதுகு நேராக, கண் கலங்க உட்கார்ந்திருந்தாள். கால் மரத்துப்போனதால் கலங்கியிருக்கலாம். எதிரே முறைத்தவள் முறைப்பை விட்டுவிட்டு, மெல்லத் தலை தாழ்த்தி வணங்கிக்கொண்டிருந்தாள்.

"குடுக்க வேணாம்" என்றான் தெல்ஃபின். "மானாங் உக்காந்துட்டாங்க."