பன்னிரண்டு கொட்டாங்குச்சி

வங்காளப் பக்கம் சண்டை மூண்ட வருஷம், கோட்டுச்சேரிக்கு வெளியே ஒரு கொட்டகையில் கப்பல்காரர்களுக்கு மருந்துக் குழாய் செய்தார்கள். ராத்திரியில் வானத்தில் விட்டால் வெளிச்சமாக எரிந்து இறங்குமாம். சர்க்கார் கொடுத்த வேலை என்றார் மேஸ்திரி சோமசேகரன். அந்தக் காகிதத்தை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. வேலைக்குப் பன்னிரண்டு பேர், எல்லாம் பொம்பளைகள். செத்தால் கேட்க ஆள் வராது என்று பார்த்துப் பொறுக்கினார்களோ என்னவோ.

உள்ளே இரும்பு போகக் கூடாது. உரசினால் பொறி, பொறி விழுந்தால் கொட்டகை இல்லை. வாசலில் பன்னிரண்டு ஆணி, ஆணிக்கு ஒரு கொட்டாங்குச்சி. மெட்டி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் நுழையவேண்டும். தாலியை மட்டும் மேஸ்திரி கேட்கவில்லை. தங்கத்தில் பொறி வராது என்பார். கேட்டால் ஊர் சும்மா விடாது, அதுதான் விஷயம்.

தாலிக் கயிற்றில் தங்கம் மட்டுமா கிடக்கிறது? ஊக்கு இல்லாத கயிறு எந்த ஊரில் இருக்கிறது? வரிச்சிக்குடி அஞ்சுகத்தின் கயிற்றிலும் ஒன்று கிடந்தது. அதை இரும்பு என்றே அவள் நினைத்ததில்லை. தாலியோடு சேர்ந்தது, அவ்வளவுதான்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு மத்தியானம். மரக்கரண்டியால் மருந்தை அள்ளிக் குழாயில் போட்டுக்கொண்டிருந்தாள். கழுத்து அரித்தது. புறங்கையால் தேய்த்தவளுக்கு ஊக்கு தட்டுப்படவில்லை. எதிரே கோவில்பத்து சலோமி, நிரப்பிய குழாய்களை மரச்சுத்தியால் இடித்துக்கொண்டிருந்தாள்.

"சலோமி, இடிக்காத."

"ஏண்டி?"

"கயித்துல கெடந்த ஊக்கக் காணும்."

சலோமி சுத்தியை மெதுவாக மடியில் வைத்தாள். "காலைல இருந்துச்சா?"

"இருந்திருக்கும்."

"வாய மூடிக்க. சொன்னா நாளைக்கு எல்லாரையும் தாலியக் கழட்டச் சொல்லுவான். எம் மாமியா கெழவி கழுத்தப் பாத்துட்டுதான் சோறே போடும். வேலை போச்சுடி."

"இடிக்கிறது நீதானே."

சலோமி சுத்தியைப் பார்த்தாள். "சரி. போய்ச் சொல்லித் தொல."

மேஸ்திரி முகம் வெளுத்தது. "எத்தன நாளா மாட்டிக்கிட்டு வர்ற?"

"கல்யாணம் ஆனதுலேருந்து."

யாரோ சிரித்தார்கள். அன்றைக்குச் செய்த குழாய் அத்தனையையும் குளத்தில் அமுக்கச் சொன்னார். வாசலில் நின்று, "நாளையிலேருந்து தாலியும் கொட்டாங்குச்சியில. இஷ்டமிருந்தா வாங்க" என்றார். வழியெல்லாம் அஞ்சுகத்தோடு ஒருத்தியும் பேசவில்லை.

வீட்டு வாசலில் புருஷன் செல்லையன் காலை மடித்துப் போட்டுக் குதிகாலைத் தோண்டிக்கொண்டிருந்தான். கையில் ஊக்கு.

"கருவமுள்ளு. விடியக்காலம் நீ தூங்கறப்ப ஒங்கயித்துலேருந்து எடுத்தேன். சனியன், முனை இன்னும் வரல. இந்தா, கோத்துக்க."

அவள் வாங்கிக் கூரைக் கீற்றில் குத்தினாள். கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை.

"நாளையிலேருந்து தாலியக் கழட்டி வச்சாத்தான் வேலை."

அவன் காலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சண்டை முடியற வரைக்குந்தானே?"

மறுநாள் ஐந்து பேர் வந்தார்கள். ஏழு கொட்டாங்குச்சி காலியாகத் தொங்கியது. அஞ்சுகம் கயிற்றைத் தலைவழியே கழற்றி மெட்டி மேல் வைத்தாள். அடுத்த ஆணியில் சலோமி சிலுவைத் தாலியை இறக்கினாள்.

"கெழவிகிட்ட சொல்லல. ஊக்கு கெடச்சுச்சா?"

"இல்ல."

"அப்ப எம் புள்ளைவோளுக்கு நீதாண்டி தாயக் குடுத்திருக்க." சலோமி அவள் கையைப் பிடித்தாள்.

அஞ்சுகம் பிடிபட்டிருந்த தன் கையைப் பார்த்தாள். யார் கையோ போல இருந்தது. விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள். மருந்தை அள்ளினாள், போட்டாள். எதிரே சலோமி பயமில்லாமல் இடித்தாள். நடுவில் ஒருமுறை கழுத்து அரித்தது. புறங்கையால் தேய்த்தாள். ஒன்றும் இல்லை. திரும்பக் கரண்டியை எடுத்தாள்.