சம்பளம் பேச வந்த கணவன்

கும்பகோணத்துக்குத் தெற்கே, அரசலாற்றைத் தாண்டியதும் வரும் மீரா உசேனின் அரிசி மில்லில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்குச் சம்பளம் பேசுவதென்றால் அவர்கள் வீட்டு ஆண் வர வேண்டும். கணவன், அப்பா, அண்ணன், யாராவது. வந்தவருக்கு நாற்காலி போடுவார்கள், டீ வரும், மேட்டூரில் தண்ணீர் எவ்வளவு என்று கொஞ்ச நேரம் பேச்சு ஓடும், பிறகு தொகை முடிவாகும். சம்பந்தப்பட்ட பெண் வெளியே எடைமேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். பெண்களுக்குத் தான் செய்யும் மரியாதை இது என்றே மீரா உசேன் நம்பினார்.

அருள்ஜோதியின் சம்பளத்தைக் கடைசியாகப் பேசியவர் அவளுடைய அப்பா. அது கல்யாணத்துக்கு முன்பு. பாலிடெக்னிக் முடித்த கையோடு நெல் காயவைக்கும் டிரையரில் உதவியாளாக அவள் சேர்ந்த நேரம். பிறகு அப்பா தவறிப்போனார். ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்கள் அவை. கல்யாணமான சில மாதங்களிலேயே கணவன் சகாயராஜ் குவைத்துக்கு விமானம் ஏறினான். இடையில் அவள் ஷிப்ட் சூப்பர்வைசர் ஆகிவிட்டாள். நெல் ஊறுவதும் அவிவதும் காய்வதும் பகல் முழுக்க அவள் பொறுப்பு. அதே வேலையை மாலையிலிருந்து நடு இரவு வரை பார்க்கும் தியாகேசனுக்குக் கிடைப்பதில் பாதிக்குச் சற்று மேலே அவள் சம்பளம். பேச வீட்டில் ஆள் இல்லாததால் பேச்சே நடக்கவில்லை.

அதனால் சகாயராஜ் லீவில் வந்ததும் அவள் கேட்ட முதல் உதவி இதுதான்.

"தியாகேசண்ணனுக்குக் குடுக்கறத எனக்கும் குடுக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் பேச வேணாம்."

"இவ்வளவுதானே? பேசிட்டாப் போச்சு" என்றான் அவன். வெள்ளைச் சட்டையும் குவைத்தில் வாங்கிய கைக்கடிகாரமும், பத்தடி தூரம் மணக்கிற செண்டுமாக மில்லுக்குக் கிளம்பினான்.

ஜோதி எடைமேடை அருகே நின்றாள். உள்ளே டீ போனது. சிரிப்புச் சத்தம் வந்தது. சகாயராஜ் வெளியே வந்தபோது அவன் முகத்தைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சொன்னாங்க?"

"வண்டியில ஏறு, சொல்றேன். பாய் என்னை எப்படி மதிக்கிறாரு தெரியுமா! 'வெளிநாட்டுல சம்பாதிக்கிற வீடு, உங்களுக்கு எதுக்குத் தம்பி இந்தக் காசு'ன்னாரு. நானும் விடல. 'கரெக்டுதான் பாய், அவ சம்பளத்துல எங்க வீட்டு அடுப்பு எரியல. பொழுது போகாம வர்றா. நீங்க பாத்து எது குடுத்தாலும் சரி'ன்னுட்டேன்."

ஜோதி வண்டியில் ஏறி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது. அவன் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான்.

வீட்டில் மாமியார் இருதயம்மாள் கிணற்றடியில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். மருமகளின் முகத்தைப் பார்த்ததும் அரிவாள்மனையைத் தள்ளி வைத்தாள்.

"என்னடா பண்ணுன இவள?"

"நான் என்ன பண்ணேன்? அவளுக்காகத்தான் போயி..."

"எனக்காகவா?" ஜோதி செருப்பைக் கழற்றியபடியே திரும்பினாள். "நீங்க குவைத்துன்னு சொல்லிக்கிறதுக்காகப் போனீங்க. உங்களுக்கு ஒரு டீ கெடைச்சுது. எனக்கு இனிமே ஜென்மத்துக்கும் சம்பளம் ஏறாது."

"ஏறாட்டிப் போகுது. நான்தான் அனுப்புறேனே ஜோதி."

"அதான் வேணாங்கறேன்!"

இருதயம்மாளின் கை மீனோடு அப்படியே நின்றது. ஜோதிக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் மனதுக்குள்ளேயே போட்டு வைத்திருந்ததை அங்கேயே, கிணற்றடியிலேயே சொல்லிவிட்டாள்.

"விசா ஏஜெண்டுக்குக் குடுக்க வாங்குன கடன் அடைஞ்சாச்சு. இந்த வருஷம் ஆத்துல தண்ணி வந்திருக்கு. நம்ம பக்கத்து நெலம் ஆறு மா, முழுசா ரெண்டு ஏக்கர், குத்தகைக்கு வருது, நீங்களே நேத்து ஆசையா நின்னு பாத்துட்டு வந்தீங்க. வெதைச்சா அறுக்கற வரைக்கும் வீடு ஓடணும், இல்லியா? தியாகேசண்ணன் சம்பளம் எனக்கு வந்தா ஓடும். இப்ப வாங்கறதுல ஓடாது. அது ஒண்ணு சரியானா நீங்க திரும்பிப் போக வேண்டியதில்ல. இதுக்குத்தான் நீங்க வர்ற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தேன். நீங்க போயி அங்க பொழுதுபோக்குன்னு சொல்லிட்டு வர்றீங்க."

சகாயராஜ் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தான். கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொல்லி, அப்புறம் நடக்கலைன்னா? நீங்க மனசு உடைஞ்சு பிளேன் ஏறுவீங்க. அங்க நல்ல வேலை, ஃபோர்மேன்னு வேற சொல்றீங்க. அதை விட்டுட்டு வாங்கன்னு நான் எப்படிக் கேக்கறது?"

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "ஃபோர்மேன் எல்லாம் இல்ல ஜோதி. வெயில்ல பைப் தூக்கறேன். லீவு முடிஞ்சாலும் திரும்பிப் போகவே மனசில்ல. நீங்க ரெண்டு பேரும் சந்தோஷமா எல்லார்கிட்டயும் சொல்றீங்களேன்னு..."

பூனை ஒன்று மீன் சட்டியை நோக்கி வந்தது. இருதயம்மாள் அதை விரட்டிவிட்டு முந்தானையில் கண்ணைத் துடைத்தாள்.

"வேளாங்கண்ணிக்கு நடந்து வந்து மெழுகுவத்தி ஏத்தறேன், எம்புள்ளைக்கு விசா குடு தாயேன்னு கேட்டவடா நான். அந்த வாயாலயே இப்ப வேணாம்னு எப்படிக் கேக்கறது? மாதாவே குழம்பிடுவாங்க."

ஜோதிக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது.

"நீங்க மாதாகிட்ட பேசிக்குங்க அத்தை. நாங்க நாளைக்குப் பாய்கிட்ட பேசிக்கறோம்."

மறுநாள் காலை மில் ஆபீசில் மீரா உசேன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "வாங்க தம்பி, உக்காருங்க."

சகாயராஜ் உட்காரவில்லை. "இன்னிக்கு அவ பேசுவா பாய். நேத்து நான் பேசுனது எல்லாம் வெறும் பந்தா. அவ சம்பளத்துலதான் அடுப்பு எரியப்போகுது. நான் திரும்பிப் போறதா இல்லையாங்கறதே அதுலதான் இருக்கு." சொல்லிவிட்டு நாற்காலியை ஜோதியின் பக்கம் தள்ளினான்.

அந்த அறையில் ஜோதி உட்காருவது அதுவே முதல் தடவை. உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"மொதலாளி, தியாகேசண்ணன் பாக்கற வேலையத்தான் நானும் பாக்கறேன். அவருக்குக் குடுக்கறத எனக்கும் குடுங்க."

மீரா உசேன் சங்கடமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "தியாகேசன் குடும்பம் நடத்தறவன்மா."

"எங்க வீட்ல யாரு சம்பாதிக்கறாங்கன்னு பாத்தா மொதலாளி நெல்லு அவியுது?"

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. "அது மட்டுமில்ல. ராத்திரி பாய்லர் மக்கர் பண்ணுனா அவன்தான் வரான். விடியக்காலம் நாலு மணிக்குப் போன் போட்டாலும் வரான். உன்னைக் கூப்பிட முடியுமா?"

நியாயமான கேள்விதான். ஜோதி யோசிப்பதற்குள் கதவருகே ஒரு குரல் கேட்டது. விடியற்காலையில் பாய்லருக்காகக் கூப்பிட்டு வந்த தியாகேசன் இன்னும் வீட்டுக்குப் போகாமல் நின்றிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மொதலாளி, குறுக்க பேசறேன்னு நெனைக்காதீங்க. ஜோதிக்கு ஏத்துனா என்னோடது குறையுமா?"

"உன்னோடது ஏன்யா குறையணும்?"

"அப்ப ஏத்திடுங்க மொதலாளி, புண்ணியமாப் போகும்!"

மீரா உசேன் திகைத்துப் பார்த்தார். தியாகேசன் உள்ளே வந்தார்.

"எப்பக் கூப்பிட்டாலும் 'உனக்குத்தானேய்யா அதிகம் குடுக்கறேன், வாய்யா'ங்கறீங்க. மச்சினன் கல்யாணத்துல பந்தியிலேருந்து எந்திரிச்சு வந்தேன். எம் பொண்டாட்டி, 'நீ அந்த பாய்லரயே கட்டிக்கோ'ங்கறா. ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம்னா ராத்திரிக்கும் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வரலாம்ல? நானும் ஒரு வாரமாவது வீட்ல தூங்குவேன்."

"அது சரிய்யா. பொம்பளப் புள்ள ராத்திரி எப்படி வரும்?"

"நான் கொண்டாந்து விடறேன் பாய்" என்றான் சகாயராஜ்.

சட்டென்று வந்த பதில். சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அவனுக்கே முழுதாக விளங்கியது போலிருந்தது. குவைத்தில் இருக்கிறவனால் கொண்டுவந்து விட முடியாது. ஜோதி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் காது வரை சிவந்திருந்தான்.

மீரா உசேன் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். போன வருஷம் பாக்கிங்கில் நன்றாகத் தேறிய இரண்டு பெண்கள் திருப்பூருக்குப் போய்விட்டதும், புது ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் வீணான அரிசியும் அவர் நினைவுக்கு வந்திருக்கலாம். தூக்கத்தில் நின்றபடியே ஆடிக்கொண்டிருந்த தியாகேசனைப் பார்த்தே மனம் மாறியிருக்கலாம். பெருமூச்சு விட்டார்.

"இந்த மாசத்துலேருந்தே ஒரே சம்பளம். யோவ் தியாகேசா, வீட்டுக்குப் போய்த் தூங்குய்யா. அப்புறம் ஜோதி..."

"சொல்லுங்க மொதலாளி."

"பகல்ல பேச வேண்டியதெல்லாம் இனிமே நீயே வந்து பேசும்மா. இவரு செண்டு வாசத்துல எனக்கு நேத்திலேருந்து தலைவலி."

வெளியே வந்ததும் எடைமேடைக்குப் பக்கத்தில் ஜோதி நின்றாள். பழகிய இடம் என்பதால் கால் தானாக நின்றுவிட்டது. அவ்வளவு நாளும் நெஞ்சுக்குள் இருந்த பாரம் எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்தில் லாரிக்காரர்கள் இருப்பதையும் பாராமல் சகாயராஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவளும் விடுவித்துக்கொள்ளவில்லை.

ஊரில் பேச்சு இல்லாமல் இல்லை. "பொண்டாட்டி வேலைக்குப் போறா, இவன் வண்டி ஓட்டறான்" என்று டீக்கடையில் பக்கிரி சீண்டினார். "ஆமா அண்ணே, அந்த நேரத்துக்கு பஸ் இல்ல, அதான்" என்று சகாயராஜ் டீயை உறிஞ்சினான். பக்கிரி தன் டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினார். போதாததற்கு, அவருடைய மனைவியே மறுவாரம் தன்னோடு மில் களத்தில் நெல் காயவைக்கும் பெண்கள் சிலரோடு மீரா உசேனின் ஆபீசுக்குள் போய்விட்டாள். அத்தனை பேருக்கும் நாற்காலி இல்லை என்று அவர் தவித்தாராம். "இருக்கறதுல உக்காந்துக்கறோம் மொதலாளி" என்று இவர்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்களாம். ஆம்பளைகளுக்குத் தரும் கூலியைக் கேட்டிருக்கிறார்கள். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் முடியாத கதை அது.

ஆறு மா நிலமும் கைக்கு வந்தது. நாற்றங்கால் பச்சை கட்டிய நாளில்தான் சகாயராஜின் லீவு முடிந்தது. அன்று காலை விடிந்தும் விடியாமலும் மில்லிலிருந்து போன். பாய்லரில் ஏதோ கோளாறு, இந்த வாரம் ஜோதியின் முறை. அவள் முகம் கழுவி வருவதற்குள் அவன் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்திருந்தான். இருதயம்மாள் காபி ஃபிளாஸ்க்கை மருமகளிடம் நீட்டினாள்.

"அத்தை, மாதாகிட்ட பேசிட்டீங்களா?"

"பேசிட்டேன். போன தடவ தெரியாமக் கேட்டுட்டேன், மன்னிச்சிருங்கன்னேன். நேந்துக்கிட்டத மாத்த வேணாம், அறுவடை முடிஞ்சு எல்லாருமா வேளாங்கண்ணிக்கு நடப்போம்."

கோளாறு பெரிதாக ஒன்றுமில்லை. சரிசெய்து, நீராவி சீராக வருவதைப் பார்த்துவிட்டு ஜோதி வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. எடைமேடைக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் அவள் நின்ற அதே இடத்தில், வண்டி மேலேயே சாய்ந்து சகாயராஜ் தூங்கிக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே வெகு உயரத்தில் ஒரு விமானம் போன சத்தம் அவனை எழுப்பவில்லை.

அவள் ஃபிளாஸ்க்கைத் திறந்தாள். காபி இன்னும் சூடாகவே இருந்தது.